கெட்டி ஆயில் ஊற்றினால் கார் கெட்டியாகுமா?

டர்போ கார் வைத்திருப்பவர்களே, உஷார்!

முக்கூடல்:

"நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் அண்ணாச்சி தாங்கும். லேசானத ஊத்துனா தண்ணி மாதிரி ஓடிரும்!"

நெல்லைச் சீமையில் காரை சர்வீசுக்கு விடுகிறவர்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. பீடி மூட்டை ஏற்றும் பழைய வேனுக்கு இது சரிப்பட்டு வந்தது. இன்றைய டர்போ பெட்ரோல் காருக்கு இதுவே எமனாகிவிடும்.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஐ20 என் லைன் கார் 2021-ல் விற்பனைக்கு வந்தது. என்ஜின் வெறும் 998 சி.சி. சக்தியோ 120 குதிரை! ரகசியம் டர்போவில் இருக்கிறது. புகையின் வேகத்தில் சுழலும் இந்தச் சிறு விசிறி நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். டர்போ போனால் செலவு பல ஆயிரம். செகண்ட் ஹேண்டில் ஆசையாக வாங்கியவர் பாடு திண்டாட்டம்!

வெயில் கணக்கு

டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். முதல் எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு லேசாக ஓடும் என்பதற்கு. கடைசி எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. வெளியே கத்திரி வெயில் அடித்தாலும், தெர்மோஸ்டாட் என்ஜின் தண்ணீரை 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும்.

"பனி இல்லாத ஊருக்கு முதல் எண் எதுக்கு?" என்று கேட்கலாம். ராத்திரி முழுக்க ஆயில் அடியில் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசான ஆயில்தான் சட்டென்று டர்போவுக்கு ஏறும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்த நேரத்தில்தான்.

சில கார்களுக்கு 40-ம் போடலாம். அதைச் சொல்ல வேண்டியது காரோடு வந்த புத்தகம், பட்டறைக்காரர் அல்ல. எண் மட்டும் போதாது. 2020-ல் வந்த 'ஏ.பி.ஐ. எஸ்.பி.' தரம், டர்போ என்ஜினில் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுக்கவும் சோதிக்கப்பட்டது. பி.எஸ். 6 டீசல் கார் என்றால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் புகை பில்டர் அடைத்துக்கொள்ளும்.

குட்டி ஓட்டம், பெரிய கேடு

"வண்டி ரொம்ப ஓடலியே, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்பது இன்னொரு தப்பு. முக்கூடலில் இருந்து பாப்பாக்குடி வரை போய் வந்தால் என்ஜின் முழுச் சூடு ஏறாது. ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து நிற்கும். பல கம்பெனிகள் 10 ஆயிரம் கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. புழுதியிலும் குட்டி ஓட்டத்திலும் அதற்கும் முன்னதாகவே மாற்ற வேண்டும். பில்டரும் கூடவே புதிதாக வேண்டும்.

வாரம் ஒரு முறை சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்க்கவும். ஆயில் கோட்டுக்கு மேலே போனாலும் கெடுதல்தான். வேகமாக ஓட்டி வந்தால், ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைக்கவும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வீடு வரை ஓட்டாதே! அங்கேயே நிறுத்து.

போலி டப்பா

காலி டப்பாவில் கழிவு ஆயிலை வடிகட்டி அடைத்து விற்கும் கும்பல்கள் உண்டு. சீல் உடையாத டப்பாவைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்ல வேண்டும். காலி டப்பாவைக் கத்தியால் கீறிவிட வேண்டும். பில் முக்கியம். அது இல்லாமல் வாரண்டி கேட்டால் கம்பெனி கையை விரித்துவிடும்.

வடித்த ஆயில் எங்கே போகிறது? 2024 ஏப்ரல் 1 முதல், கழிவு ஆயிலை மறுசுத்திகரிப்புக்குச் சேர்க்கும் பொறுப்பு ஆயில் கம்பெனிகள் மீதும் சுமத்தப்பட்டிருக்கிறது. பட்டறைக்காரர் அதைச் சாக்கடையில் கொட்டினால் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும். சாக்கடை போய்ச் சேருவது தாமிரபரணியில். நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

என்ஜின் போனால் ஒருவருக்கு நட்டம். ஆறு போனால்?