கடைக் கணினியில் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்

மாணவர்களே, வீட்டில் கணினிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பெரும்பாலும் உங்களைத்தான். அப்பாவின் கடைக் கணினியில் ‘புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவவா?’ என்று ஒரு பெட்டி எழும்பினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். விளையாடும் கணினி என்றால் தாராளமாக அழுத்துங்கள். குடும்பத்துக்குச் சோறு போடும் கணினி என்றால், புதிய இயங்குதளம் வெளியான சூட்டோடு அழுத்தாதீர்கள் என்பதே என் கருத்து.

2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாப்ட், விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதை நிறுவிய சிலரின் கணினிகளில் ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயின. சில நாள்களிலேயே விநியோகத்தை நிறுத்திவிட்டு, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியிட்டார்கள். நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுக்கே புகார் வந்தது என்று அந்நிறுவனம் சொன்னது. காரணம் என்ன தெரியுமா? ஆவணக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியிருந்தவர்களின் பழைய கோப்புறையைத் தேவையற்றது என்று கருதிப் புதிய பதிப்பு நீக்கிவிட்டது. அதற்குள் இன்னும் கோப்புகள் இருக்கலாம் என்று அது பார்க்கவில்லை. உலகில் உள்ள கணினிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. எல்லா வகைகளையும் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்கவும் முடியாது. மீதிச் சோதனையை முதல் வாரத்தில் நிறுவுகிறவர்கள்தான் தங்களை அறியாமல் செய்துகொடுக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ திருமண அழைப்பிதழும் கோயில் திருவிழா அறிக்கையும் அச்சடிக்கும் ஒரு தமிழ் அச்சகத்தை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு வராத ஒரு தலைவலி அங்கே உண்டு. பழைய தமிழ் எழுத்துருக்கள் 8 பிட் முறையில் அமைந்தவை. இருப்பது மொத்தம் 256 இடங்கள். ரோமன் எழுத்துக்கும் குறியீடுகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் போர்த்தி வைத்தார்கள். கோப்பில் இருப்பது தமிழ் என்றே கணினிக்குத் தெரியாது. அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால், பத்து வருட அழைப்பிதழ்களும் புரியாத ரோமன் கலவையாகக் காட்சி தரும்.

யூனிகோடு இதை மாற்றியது. ‘க’ என்றால் எந்தக் கணினியிலும் 2965 என்ற எண்தான். விண்டோஸ் 2000-இலிருந்து தமிழ் யூனிகோடு இயங்குதளத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அதில் தமிழ் எழுத உதவின. ஆனால் அச்சகங்கள் பெரிதும் நம்பியிருந்த பேஜ்மேக்கர், 2001-இல் வந்த தன் கடைசிப் பதிப்பு வரைக்கும் யூனிகோடு கற்றுக்கொள்ளவே இல்லை. பழைய கணினியை விட மனமில்லாத அச்சகக்காரரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவருடைய சேமிப்பு முழுக்க அதற்குள் இருக்கிறது.

யூனிகோடிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ‘கொ’ என்ற எழுத்து நினைவகத்தில் ‘க’ முதலிலும் ஒகரக் குறி அடுத்ததாகவும் இருக்கும். திரையில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்தப் பிரித்து அடுக்கும் வேலையைச் செய்வது இயங்குதளத்திலோ பக்க வடிவமைப்பு மென்பொருளிலோ உள்ள ஒரு நிரல். அந்த அமைப்பு சரியில்லை என்றால் கொடியேற்றத்தின் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆயிரம் தாள் அச்சான பிறகு தெரிந்தால் என்ன செய்வது?

சரி, அப்படியானால் மாற்றவே வேண்டாமா? அதுவும் ஆபத்து. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவி, பிரிட்டன் மருத்துவமனைகள்கூட ஸ்தம்பித்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் 14 அன்று, வெளியாகியிருந்தது. நிறுவாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தத்தை உடனே நிறுவுங்கள். முழுப் புதிய பதிப்பு என்றால் சில மாதம் பொறுங்கள். உபுண்டு தயாரிப்பாளர்களே அப்படித்தான் செய்கிறார்கள்: 24.04 பதிப்பு 2024 ஏப்ரலில் வெளிவந்தது, ஆனால் முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருந்தவர்களுக்கு முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகே அதை முன்வைத்தார்கள்.

பொறுப்பதற்கும் எல்லை உண்டு. விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபரில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நான்கு வருட அவகாசம் கொடுத்தும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு கேட்பதால் பல பழைய கணினிகளில் புதியதை முறைப்படி நிறுவ முடியாது. புதுக் கணினிக்குக் காசு வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லைதான். அதற்காக, வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள கணினியை ஓட்டையோடு இணையத்தில் விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்பா கேட்டால் இப்படிச் செய்யுங்கள். முதலில் எல்லாக் கோப்புகளையும் தனி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வையுங்கள். தீபாவளி, தைப்பூச வேலை நெருக்கத்தில் தொடவே தொடாதீர்கள். புதிய இயங்குதளம் உள்ள இன்னொரு கணினியில், கடையின் உண்மையான கோப்பு ஒன்றைத் திறந்து ஒரே ஒரு தாள் அச்சிடுங்கள். அதைக் கடையில் எழுத்துப் பிழை பார்ப்பவரிடம் கொடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும்.