இரண்டு சதவீதம் கட்டினாலும் பணம் போகும்

"பந்தயத்துல காசு போறது பேராசையாலதான். அளவா கட்டுனா போகாது." கன்னியாகுமரிக் கடலோரத்தில் இந்தப் பேச்சு இப்போது பெரியவர்கள் சொல்லும் புத்திமதி போலவே உலவுகிறது. ஐபிஎல் காலத்தில் சாயங்காலம் வட்டக்கோட்டை மதில்மேல் வந்து உட்காரும் இளைஞர்களில் சிலர் கடலைப் பார்ப்பதில்லை, கைப்பேசியில் ஓடும் ரேட்டைத்தான் பார்க்கிறார்கள். அவர்களில் விவரமானவர் என்று பெயரெடுத்தவர் அதிகம் வெல்பவர் அல்லர். யூனிட் கணக்கு வைத்திருப்பவர்.

அப்படி ஒரு கணக்கைப் பார்த்தேன். சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போகும் ஒரு தம்பி நாற்பது பக்க நோட்டில் எழுதியிருந்தார். முதல் வரியில் "மொத்தம் 10,000". அடுத்து "1 யூனிட் = 200". அதன்கீழ் தேதி, ஆட்டம், ரேட், வரவு, செலவு என்று கோடு போட்ட கட்டங்கள். "அண்ணே, ஒரு யூனிட்டுக்கு மேல நான் போடவே மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார். அவருடைய ஒழுங்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒழுங்கை எதற்குச் செலவிடுகிறார் என்பதில்தான் என் சண்டை. அவர் நம்புகிற வாதத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வாதம்: மொத்தத்தில் இரண்டு சதவீதம் மட்டும் கட்டினால் முதல் கரையாது.

இரண்டு அணியும் சமபலம் என்றால் நியாயமான ரேட் 2.00. நூறு கட்டி வென்றால் இருநூறு கிடைக்க வேண்டும். பந்தயம் வாங்குபவர் அதைத் தருவதில்லை. இரண்டு பக்கமும் 1.90 என்று வைக்கிறார். நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் அங்கேயே அவர் பைக்குப் போய்விடுகிறது. இப்போது தம்பியின் நோட்டை எடுத்துக்கொள்வோம். 2025 ஐபிஎல்லுக்கு அட்டவணையில் 74 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு மூன்று பந்தயம் என்றால் 222. ஒவ்வொன்றும் 200 ரூபாய். பத்தாயிரம் மட்டுமே வைத்திருப்பவர் இரண்டரை மாதத்துக்குள் 44,400 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியிருப்பார். ஐந்து சதவீதக் கழிவு விழுவது அந்த 44,400 மேல். சராசரி நட்டம் 2,220 ரூபாய், அதாவது முதலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். யூனிட்டைச் சிறிதாக்கினால் நட்டமும் சிறிதாகும், உண்மைதான். ஆனால் அது லாபமாக மாற எந்த வழியும் அந்தக் கணக்கில் இல்லை.

"ஆனா போன சீசன்ல எனக்கு லாபமாச்சே" என்பார்கள். ஆகியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கட்டினால்கூட 222 பந்தயத்தில் 117-ஐ வென்று லாபத்தோடு முடிப்பவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேர் இருப்பார்கள். அடுத்தடுத்து மூன்று சீசன் கூட்டிப் பார்த்தால் அவர்கள் சுமார் 9 பேராகக் குறைவார்கள். அந்த 23 பேர்தான் டீக்கடையில் சத்தமாகப் பேசுகிறவர்கள், டெலிகிராமில் டிப்ஸ் கொடுக்கிறவர்கள். மீதி 77 பேர் பேசாமல் இருக்கிறார்கள். ஊரில் கேட்கும் குரலை வைத்து முறை சரி என்று முடிவு செய்தால் தவறாகத்தான் போகும்.

இரண்டாவது வாதம்: இது விஞ்ஞானம், கெல்லி சூத்திரம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் அந்தச் சூத்திரம் நேர்மையானது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-இல் எழுதியது. கையில் இருப்பதில் எவ்வளவு பங்கைக் கட்டலாம் என்பதற்கு அது விடை சொல்கிறது. ஆனால் அது கேட்கும் முதல் கேள்வியே, சந்தை விலையைவிட உனக்குக் கூடுதலாக என்ன தெரியும் என்பது. 1.90 ரேட்டில் உங்கள் வெற்றி வாய்ப்பு ஐம்பது சதவீதம் என்று போட்டுப் பாருங்கள். விடை பூஜ்யத்துக்கும் கீழே வரும். கட்டாதே என்று பொருள். அதே ரேட்டில் சூத்திரம் இரண்டு சதவீதம் கட்டச் சொல்ல வேண்டுமானால் நீங்கள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 53.6 முறை சரியாகச் சொல்பவராக இருக்க வேண்டும். ஆக, இரண்டு சதவீத யூனிட் என்பது அடக்கமான தொகையே அல்ல. "ரேட் போடுபவரைவிட எனக்கு ஆட்டம் நன்றாகத் தெரியும்" என்ற பெரிய உரிமைகோரல் அதற்குள் இருக்கிறது. அந்தத் திறமை இருக்கிறதா, வெறும் அதிர்ஷ்டமா என்று ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறியவே எழுநூறு பந்தயத்துக்குமேல் பதிவு வேண்டும். மூன்று சீசன் எழுதினாலும் தம்பியின் நோட்டில் 666-தான் வரும்.

கெல்லியின் வழியை உண்மையாகப் பயன்படுத்தியவர் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப். சீட்டுகளை எண்ணி பிளாக்ஜாக் ஆட்டத்தில் சூதாட்ட விடுதியைவிடத் தன் பக்கம் சாதகம் உண்டு என்று முதலில் நிறுவினார். 1962-இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். தொகைக் கணக்கு அதற்குப் பிறகுதான். நம்மூரில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்படியே ஒருவர் தார்ப் அளவுக்குக் கெட்டிக்காரராக இருந்தாலும், உரிமத்தோடு பந்தயம் நடக்கும் பிரிட்டன் போன்ற நாடுகளிலேயே தொடர்ந்து வெல்பவரின் கணக்கில் கட்டும் தொகையைக் குறைத்துவிடுவது வழக்கம். கட்டுப்பாடு ஆட்டக்காரர் கையில் மட்டும் இல்லை.

மூன்றாவது, தோற்றால் இரட்டிப்பாக்கு என்பது. இதை யூனிட் கணக்கோடு சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். 200, 400, 800, 1,600, 3,200 என்று ஐந்து தோற்றால் 6,200 போயிருக்கும். ஆறாவதுக்கு 6,400 வேண்டும், கையில் 3,800-தான் மிச்சம். ஆட்டத்துக்கு ஒன்று என்று 74 பந்தயம் மட்டும் கட்டினாலும், எங்காவது ஐந்து தோல்வி வரிசையாக வருவதற்கு நூற்றுக்கு 70 வாய்ப்பு. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது வாதம்: வீட்டுச் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தானே கட்டுகிறோம்?

மாதச் சம்பளக்காரருக்கு இது ஓரளவு பொருந்தலாம். இந்தக் கரையின் பணம் மாதக் கணக்கில் வருவதில்லை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஐபிஎல் மார்ச் கடைசியில் தொடங்கி மே கடைசியையோ ஜூன் தொடக்கத்தையோ தொடுகிறது. படகு கரையில் கட்டிக் கிடக்கும் நாட்களும் பந்தயம் சூடுபிடிக்கும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. வரும்படி நிற்கிறது, பொழுது மிஞ்சுகிறது, கைப்பேசி கையில் இருக்கிறது. தடைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்குத் தருவது 8,000 ரூபாய். தம்பியின் நோட்டில் முதல் வரியில் இருக்கும் பத்தாயிரத்தோடு அதை வைத்துப் பாருங்கள். இதில் மிச்சம் எது? பள்ளிக்கூடம் திறக்க ஜூன் வந்துவிடும், வலை வாங்க வேண்டும், சங்கத்துக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். "ஒதுக்கிய பணம்" என்ற சொல் நோட்டில் மட்டும்தான் இருக்க முடியும்.

ஒதுக்கினாலும் அது நிற்காது. முன்பு ஆட்டம் தொடங்குமுன் ஒரு பந்தயம், முடிந்தபின் ஒரு கணக்கு. இப்போது ஓவருக்கு ஓவர், பந்துக்குப் பந்து ரேட் மாறுகிறது. ஒரு டி20 ஆட்டத்தில் 240 பந்து. மூன்று பந்தயம் என்று நிதானமாக எழுதிய கை, பத்தொன்பதாவது ஓவரில் ஏழாவது பந்தயம் கட்டிக்கொண்டிருக்கும். அந்த இளைஞர்கள் உட்காரும் மதிலையே எடுத்துக்கொள்ளுங்கள். குளச்சலில் 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய், பின்னாளில் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து வட்டக்கோட்டை மதிலைப் பலப்படுத்தினார். வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்கத்தான் அந்த மதில். யூனிட் கணக்கும் அப்படி ஒரு மதில்தான், ஆனால் பணத்தை எடுப்பவன் ரேட்டுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறான்.

ஐந்தாவது வாதம் ஒன்று உண்டு, அதிகம் யோசிக்காமல் சொல்லப்படுவது: பந்தயக் கணக்கின் பேலன்ஸில் இருப்பது என் பணம், வேண்டும்போது எடுத்துக்கொள்வேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. வென்ற பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ட்ரீம்11 காசு ஆட்டங்களை நிறுத்தியது, இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அதன் பெயர் போனது. இன்னும் லிங்க் அனுப்பி ஆள் பிடிப்பவை வெளிநாட்டில் எங்கோ இருந்து நடப்பவை. முகவரி தெரியாத இடத்தில் போட்ட பத்தாயிரத்துக்கு இரண்டு சதவீதம், ஐந்து சதவீதம் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. எடுக்க விடாமல் முடக்கிவிட்டால் மொத்தமும் ஒரே நாளில் போகும்.

களியக்காவிளை தாண்டினால் கேரள லாட்டரி விற்கிறதே, அது மட்டும் சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சரி என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு 2003-இல் லாட்டரியை நிறுத்தியதை நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் லாட்டரிச் சீட்டு வாங்கும் யாரும் அதை முதலீடு என்று சொல்லிக்கொள்வதில்லை. பந்தயத்துக்கு மட்டும்தான் இந்த நோட்டும் சதவீதமும் சேர்ந்து ஒரு மரியாதையைக் கொடுத்திருக்கின்றன. தோற்றவரிடம் "உனக்குக் கட்டுப்பாடு பத்தல மக்கா" என்று சொல்லி இன்னொரு முறை கட்டவைக்கவும் அதே மரியாதைதான் உதவுகிறது.

எல்லை வைத்துக் கட்டுவது, எல்லையில்லாமல் கட்டுவதைவிடக் குறைவாகக் கெடுக்கும், அதை மறுக்கவில்லை. ஏற்கெனவே சிக்கி, விட்டதைப் பிடிக்கத் துரத்திக்கொண்டிருப்பவருக்கு இன்றைக்கே உதவுவது வேறு: நிவாரணமும் மீன் பங்கும் வரும் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ இணைப்பை எடுத்துவிடுவது, அட்டையை வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவைப்பது, வட்டிக்கு வாங்கிய கடனை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்வது, தூக்கம் கெட்டு மனம் உடைந்திருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 எண்ணில் கூப்பிடுவது. அங்கே தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.