உடம்பும் அவருடையதே

“மனம் பேதலித்தவனுக்கு நோய்நொடி அண்டாது” என்ற பேச்சைக் கரிசல் ஊர்த் திண்ணைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். மழையில் கிடக்கிறான், கண்டதைத் தின்கிறான், ஒரு தலைவலி உண்டா பாருங்கள் என்று வியப்போடும் சொல்வார்கள். இது பொய். ஆளைக் கொல்லும் பொய்.

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற கடும் மனநோய் உடையோர் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அவர்களின் உடல்நலத்திற்கென்றே 2018இல் தனி வழிகாட்டு நெறிகளையும் அது வெளியிட்டது. தற்கொலை இதில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி மாரடைப்பு, நீரிழிவு, நுரையீரல் நோய், தொற்றுகள்; நம் வீட்டு முதியவருக்கு வருகின்ற அதே நோய்கள், அவரைவிட இளைய வயதில்.

காரணங்கள் மறைபொருள் அல்ல. ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டும், எடையை ஏற்றும், சர்க்கரையையும் கொழுப்பையும் உயர்த்தும். அதன்மேல் பீடி. அதன்மேல் நாள் முழுதும் மூலையில் முடங்கிய இருப்பு. இரக்கப்பட்டவர்கள் வாங்கித் தரும் சர்க்கரை மிகுந்த தேநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்! இவை எல்லாவற்றினும் கொடியது நம்பாமை. நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னால், “அவன் அப்படித்தான் உளறுவான்” என்று வீடும் சொல்கிறது. படித்த மருத்துவரில் சிலரும் சொல்கின்றனர். வலியை எடுத்துரைக்கும் ஆற்றலே இந்நோயில் மங்கிப்போவதுண்டு என்பதை எண்ணினால், அவர் வாய்திறந்து சொல்லும் ஒரு வார்த்தைக்கு எத்துணை மதிப்பளிக்க வேண்டும்!

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியாமல் கருகினர். மாண்டவர் 28 பேர். நாடு அதிர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. உடல் நோயாளிக்கு நிகராக மனநோயாளியும் நடத்தப்பட வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் கவனிப்பாரற்ற சர்க்கரையால் கால் அழுகி ஒருவர் இறந்தால் யார் அதிர்கிறார்கள்? “பாவம், விடுதலை கிடைத்தது” என்கிறோம். யாருக்கு விடுதலை?

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே தன்னைக் கல்லால் காயப்படுத்திக்கொண்ட மனிதன், நலம்பெற்றபின் ஆடையணிந்து அமர்ந்திருக்கக் காணப்படுகிறான். அதே அதிகாரத்தில் உயிர்பெற்ற சிறுமிக்கு உண்ணக் கொடுக்கச் சொல்கிறார் ஆண்டவர். பேயோட்டத்தையே மணிக்கணக்கில் முழங்கும் போதகர்கள் அந்த ஆடையையும் உணவையும் விட்டுவிடுவது ஏன்?

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமே என்பார் சிலர். கூடவே கூடாது. பின்லாந்தில் மனச்சிதைவுடையோர் 60,000க்கும் அதிகமானோரை 20 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், மருந்து உண்ணாத காலங்களிலேயே இறப்பு மிகுந்திருந்தது. வேண்டியது மருந்தோடு கூடிய கண்காணிப்பு.

எப்போதும்வென்றான் என்று வீரப்பெயர் பூண்ட இவ்வூரிலிருந்து மகனுக்கு மாத்திரை வாங்க மாதந்தோறும் பேருந்தேறும் தாய்மாரை அறிவோம். மனநோய்க்கு ஒரு நாள், ஒரு வரிசை. சர்க்கரை பார்க்க வேறு நாள், வேறு வரிசை. ஒரு நாள் கூலியை இழந்தவள் மறுநாளும் இழப்பாளா? மாத்திரை தரும் அதே மேசையில் எடைபார்க்கும் கருவியும், இடுப்பளவு நாடாவும், இரத்த அழுத்தமானியும் இருக்கட்டும். மருந்து தொடங்கும் முன் ஒருமுறையும், பின்னர் குறித்த இடைவெளிகளிலும் அளந்து, அந்த அட்டையிலேயே எழுதித் தரட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் சர்க்கரைச் சோதனை வீட்டு வாசலுக்கே வந்தது. வாசலில் நிற்கும் பணியாளரிடம் பாட்டியின் கையை மட்டும் நீட்டாமல், பின்கட்டில் படுத்திருப்பவரையும் எழுப்பி அழைத்து வாருங்கள்.