பக்கத்திலேயே ஒரு பழவேற்காடு!

ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாம் என்றால், ஆரம்பாக்கத்துக்காரர்கள் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மெரினாதான். இந்த ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் நம்முடையது. அடுத்து வரும் தடா ஆந்திராவில் இருக்கிறது. 'கம்பெனிகளைத் தவிர இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நமக்குக் கிழக்கேதான் கிடக்கிறது!

போன ஜனவரியில் தோழிகள் நான்கு பேர் கிளம்பினோம். இரண்டு பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்கள். ஒருத்தி டீச்சர். நான்கு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பதே பெரும்பாடு. புளிசாதம், வாட்டர் பாட்டில் சகிதம் ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு பஸ்.

முதலில் டச்சுக் கல்லறை. வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. 'நீயும் ஒருநாள் இப்படித்தான்' என்று சொல்லாமல் சொல்கின்றன. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் இது. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைநகரம் இந்த ஊர்தான். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதரும் மேடும்தான் மிச்சம்.

அவர்கள் இங்கிருந்து கப்பலேற்றிய முக்கியமான சரக்கு, துணி. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிகட்' என்றுதான் பெயர். பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் 'புலிகாட்' என்றார்கள் இல்லையா? அந்தப் பெயர்தான் கடல் கடந்து துணியோடு ஒட்டிக்கொண்டது. "நம்ம ஊர் பேரை இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியுறாங்கடி!" என்று டீச்சர் சொல்ல, சிரித்துத் தீரவில்லை.

ஏரிக்கரைக்கு வந்தபோது தூரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. பூநாரைகள்! ஆழமில்லாத சேற்றுநீரில் தலைகீழாக அலகை விட்டு இரை தேடுகின்றன. தின்னும் பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறமிதான் அவற்றுக்கு அந்த நிறத்தைத் தருகிறது.

அப்போதுதான் ஒருவர் வந்தார். "படகுல ஒரு ரவுண்டு போறீங்களாம்மா? கிட்டப் போய்ப் பார்க்கலாம். இடுப்பளவு தண்ணிதான்." லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டோம். சிரித்தார்.

இரண்டு பேருக்கு ஆசை. "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று இழுத்தார்கள். சிப்காட் தோழி ஒருத்தி மட்டும் அசையவில்லை. "2011 கிறிஸ்துமஸ் மறந்துபோச்சா?" என்றாள். அன்று இதே ஏரிக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஏரி முழுக்க ஆழம் குறைவு என்பது உண்மைதான். ஆனால், கடலோடு சேரும் முகத்துவாரத்தின் பக்கம் ஆழமும் வேறு, இழுப்பும் வேறு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "வேணாம்ணே" என்று டீச்சரே சொல்லிவிட்டாள்.

அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன்வரத்து குறைகிறது. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' முறை இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மீனே இல்லாவிட்டால் எதைப் பங்கிடுவது? அதனால் படகுக்கு என்று எடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய், கரையில் மீன் விற்ற அம்மாவிடம் இறாலும் நண்டும் வாங்கினோம். பனையோலைக் கூடை பின்னும் பெண்களிடம் ஆளுக்கொரு கூடையும்.

நீங்களும் போய் வாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். நிழல் குறைவு, தொப்பி அவசியம். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டத்தில் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த ஒருத்தியையும் மறக்காமல் கூட்டிப் போங்கள்!