சனிக்கிழமை யாருடையது?

2025 ஜனவரி 1-ஆம் தேதி ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியபோது பள்ளிக்கூடத்தைப் பற்றியும் வங்கியைப் பற்றியும் நிறையப் பேசினோம். சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. 2014 முதல் பதினோர் ஆண்டுகள் நமக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. அதில் ஒரு சின்ன லாபம் ஒளிந்திருந்தது. வெள்ளிக்கிழமை பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை நாள். காலையில் குடும்பத்தோடு டவுனுக்குள் போனால் மேசை காலியாக இருக்கும், கடைக்காரர் நலம் விசாரிக்க நேரம் இருக்கும். இப்போது நமக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே விடுமுறை. ஜாலான் வோங் ஆ ஃபூக்கில் சனிக்கிழமை பதினோரு மணிக்கு நடந்து பாருங்கள், எந்த வரிசை எந்தக் கடைக்கு என்றே தெரியாது.

சிங்கப்பூர்க்காரர்கள் மேல் கோபம் இல்லை. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் காசு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கும்போது அவர்கள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் ரிங்கிட்டில் சம்பளம் வாங்கி ரிங்கிட்டில் செலவு செய்யும் குடும்பம், சொந்த ஊரில் சாப்பிட எப்போது போவது, எங்கே போவது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வாரம் அந்தக் கணக்குதான்.

முதலில் பழைய டவுன். வார நாளில் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைக்கே போங்கள். முடியாதவர்கள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். பாலத்தைக் கடந்து வருகிறவர்களுக்குக் குடிநுழைவு வரிசை இருக்கிறது. நமக்கு இல்லை. நம்மிடம் இருக்கும் ஒரே சலுகை அதுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜாலான் டோபி என்ற பெயரைச் சொல்லும்போது அதில் நம் ஆட்கள் இருப்பதை மறந்துவிடுகிறோம். துணி வெளுக்கும் இந்தியத் தொழிலாளிகள் இருந்த தெரு அது. அங்கேதான் 1937-இல் தொடங்கிய சலாஹுதீன் ரொட்டிக்கடை இருக்கிறது. இந்திய முஸ்லிம் குடும்பத்தின் கடை, விறகு அடுப்பு. கறி பாப்பை வாங்கியவுடனே வாயில் வைக்காதீர்கள், உள்ளே மசாலா கொதித்துக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்தது அலங்காரம் எதுவும் இல்லாத சாதாரண ரொட்டிதான். வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் காலை பருப்புக் கறியில் தோய்த்துச் சாப்பிட்டால் பேரங்காடி ரொட்டி எல்லாம் பஞ்சு போலத் தோன்றும்.

இரண்டு நிமிடம் நடந்தால் ஜாலான் தான் ஹியோக் நீ. அங்கே ஹியாப் ஜூ, 1919-இல் தொடங்கியது. இதுவும் விறகு அடுப்புதான். வாழைப்பழ கேக்குக்காக மக்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு நூற்றாண்டைக் கடந்த சீனர் கடையும் நூற்றாண்டை நெருங்கும் இந்திய முஸ்லிம் கடையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இன்னும் விறகு எரிக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போய் அடுப்பைக் காட்டுங்கள், கேக்கை அப்புறம் வாங்கலாம்.

ஜாலான் துருஸில் ஹுவா முய், 1946 முதல் இருக்கும் ஹைனான் காப்பிக்கடை. வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரராக இருந்த ஹைனான் சீனர்கள், அந்தச் சமையலைத் தங்கள் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்படி வந்ததுதான் 'சிக்கன் சோப்'. தாத்தா காலத்தில் சம்பளத் தேதியன்று மட்டும் சாப்பிடக்கூடிய பண்டம். இன்றைக்கு மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் முகம் சுளிக்காமல் சாப்பிடக்கூடிய சில கடைகளில் இதுவும் ஒன்று.

மீன் தலைக் கறிக்கு வோங் ஆ ஃபூக் சாலையில் காம் லோங் கடை முன் எப்போதும் கூட்டம். 1949-இல் சிங்கப்பூரில் எம்.ஜே. கோமெஸ் என்ற கேரளத்துக்காரர் சீன வாடிக்கையாளர்களுக்காக மீன் தலையைக் கறியில் போட்டார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. நம் குழம்பு சீனர் வாய்க்குப் போய், அவர்கள் அதில் முட்டைக்கோஸும் பயற்றங்காயும் பொரித்த தோஃபுவும் சேர்த்து, மண்சட்டியில் நமக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். புளிப்பு நம் வீட்டுக் குழம்பைவிடக் குறைவு. ஒரு மணி நேரம் நின்று சாப்பிட வேண்டுமா என்றால், சனிக்கிழமை வேண்டாம் என்பேன். செவ்வாய்க்கிழமை என்றால் சரி.

ஜொகூருக்கே உரிய பண்டங்களைச் சாப்பிடாமல் ஜொகூர்க்காரர் என்று சொல்லிக்கொள்வது எப்படி? லக்சா ஜொகூரில் அரிசி நூடல்ஸ் கிடையாது, ஸ்பகெட்டிதான். ஐரோப்பாவுக்குப் போய்வந்த சுல்தான் அபு பாக்காருக்கு அந்த ருசி பிடித்துப்போனதாகக் கதை. மீனை அரைத்துச் சேர்த்த கெட்டிக் குழம்பு, முறைப்படி கையால் சாப்பிட வேண்டும், நமக்குச் சொல்லியா தர வேண்டும்? பத்து பகாட் பக்கம் பேர்போன பிரியாணி காமில் இறைச்சியும் அரிசியும் ஒரே பானையில் வேகும். 'தம்' என்ற சொல்தான் 'காம்' ஆயிற்று என்பார்கள். காச்சாங் போல் அரபு நாட்டுப் பயறு உணவு, மேலே முட்டையும் பக்கத்தில் வெண்ணெயில் வாட்டிய தடித்த ரொட்டியுமாக வரும். மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள் இங்கே கவனிக்க வேண்டும்: காச்சாங் போலில் கொத்துக்கறி பெரும்பாலும் மாட்டிறைச்சி, மீ ரெபுஸ் குழம்பிலும் அது இருக்கலாம். கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், கடைக்காரர்களுக்கு இது பழகிய கேள்வி.

இனி நம் சாப்பாட்டுக்கு வருவோம். ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள்தான் இந்த ஊரின் லிட்டில் இந்தியா. வெள்ளிக்கிழமை மாலை பூசை முடிந்து தோசையும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுப் பூ வாங்கிக்கொண்டு திரும்புவது பல குடும்பங்களின் வழக்கம். வார விடுமுறை மாறினாலும் இந்த வழக்கம் மாறவில்லை என்பது ஆறுதல். பக்கத்திலேயே ஜாலான் துருஸில் சீக்கியர் குருத்துவாரா இருக்கிறது. லங்கர் சாப்பாட்டுக்கு இனமோ மதமோ கேட்பதில்லை. தலையை மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

வாழை இலைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு புலம்பல். டவுனில் ஒரு கடையில் கேட்காமலே ஒரு துண்டு பொரித்த மீனை இலையில் வைத்தார்கள். பில்லில் அந்தத் துண்டின் விலை, சோறு, மூன்று காய், அப்பளம், ரசம் எல்லாம் சேர்ந்த விலையைவிட அதிகம். கடையின் பெயர் வேண்டாம், இப்படிப் பல கடைகள் உண்டு. சோறும் காயும் குழம்பும் மறுபடி கேட்கலாம், மீனும் இறைச்சியும் நண்டும் தனி விலை. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம், அது எல்லாருக்கும் தெரிவதில்லை. பலகை இல்லாவிட்டால் 'மீன் எவ்வளவு அண்ணே?' என்று முதலிலேயே கேளுங்கள். எடை போட்டு விற்கும் மீனாக இருந்தால் இரண்டு முறை கேளுங்கள்.

கடைக்காரர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி முட்டைக்கான உதவித்தொகை முற்றாக நின்றது. ரொட்டி தெலூர் விலை ஏறியதில் ஆச்சரியமில்லை. ஆனால் 6 விழுக்காடு சேவை வரி வேறு கதை. ஆண்டு விற்பனை 1.5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டி, பதிவு செய்த உணவகங்கள்தான் அதை வாங்கலாம். எட்டு மேசை போட்ட கடை பில்லில் சேவை வரி கண்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

விலைக்கு அஞ்சினால் டவுனை விட்டு வெளியே வாருங்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளான பிறகு நம் மக்கள் மாசாய், உலு திராம், ஸ்கூடாய், கூலாய் என்று பரவினார்கள், சமையலும் கூடவே போயிற்று. தகரக் கூரை, நாலு நெகிழி நாற்காலி, மேலே குழல் விளக்கு. அந்த ஒட்டுக்கடையில் அக்கா ஒருவர் காலை ஆறு மணிக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பார். பெயர்ப்பலகைகூட இருக்காது. ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்களின் காசுக்கேற்ற கடைகள் நிறைய. வெளியூர் வரிசை இங்கெல்லாம் எட்டுவதில்லை.

நாளுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு விடியற்காலை நாலரை மணிக்கே மோட்டார் சைக்கிளில் புறப்படும் இளைஞர்கள் எங்கே பசியாறுகிறார்கள்? இருபத்து நான்கு மணி நேர மாமாக் கடைகளில்தான். நின்றபடியே ஒரு ரொட்டி சானாய், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே. உணவுப் பட்டியல் எழுதும் யாரும் இந்தக் கடைகளைச் சேர்ப்பதில்லை. இவை இல்லையென்றால் சிங்கப்பூரில் பல தொழிற்சாலைகள் பசியோடுதான் திறக்கும்.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த் வரை நாலு கிலோமீட்டர் விரைவு ரயில், 2026 இறுதியை இலக்காக வைத்துக் கட்டப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லுமாம், பயணம் ஐந்தே நிமிடம். அந்த இளைஞர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும், நல்லதே. பழைய டவுனின் கடை வாடகை என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. புக்கிட் சாகார் நிலையத்திலிருந்து ஜாலான் துருஸ் நடக்கும் தூரம். காலை எட்டு மணி யோசனைகூட அப்புறம் செல்லாது, குடிநுழைவு வரிசை என்ற நம் சலுகை போய்விடும்.

காப்பிப் பிரியர்களுக்கு ஒன்று மீதி வைத்திருக்கிறேன். நம் மாநிலத்தில் விளைவது பெரும்பாலும் லிபெரிகா வகை. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுப்பாக வறுப்பார்கள். கும்பகோணம் டிகிரி காப்பியை எதிர்பார்த்துக் குடித்தால் ஏமாற்றம்தான், 'கோப்பி ஓ' என்று பால் இல்லாமல் கேளுங்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938-இல் தொடங்கிய காப்பிக்கடை வரை காரில் போனால், கரியில் வாட்டிய ரொட்டியும் காயாவும் சேர்ந்து கிடைக்கும். பள்ளி விடுமுறை இல்லாத வார நாளாகப் பார்த்துப் போங்கள்.