ஒரு நாள் உலா: பக்கத்திலேயே ஒரு பிரெஞ்சுக் கோட்டை

பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பார்க்க விமானம் ஏற வேண்டும் என்று நினைக்கிறீர்களா? செங்கல்பட்டிலிருந்து காலையில் புறப்பட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். கடப்பாக்கத்துக்கு அருகே கடலோரமாக இருக்கிறது ஆலம்பரைக் கோட்டை. தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டால் செலவும் குறையும், பேச்சுத் துணையும் ஆச்சு.

மதுராந்தகம், செய்யூர் வழியாக முதலில் ஆலம்பரைக்கே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கே ஒதுங்க நிழல் அதிகம் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் எழுந்த கோட்டை இது. 1750-ல் புதுச்சேரி கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்தது. துறைமுகமும் நாணயச் சாலையுமாகச் செழித்தது. எல்லாம் பத்தே வருஷம்தான்! 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். செங்கல்பட்டுக் கோட்டையையும் 1751-ல் பிரெஞ்சுக்காரர் பிடிக்க, மறு வருஷமே கிளைவ் அதை மீட்டுக்கொண்டார். இதைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும், இடிந்த மதிலைப் பார்த்துக் கேட்டால் மறக்காது. ஆனால் மதில்மேல் மட்டும் ஏற விடாதீர்கள்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். இது டச்சுக்காரர் கோட்டை. இந்தப் பக்கத்து மெல்லிய மஸ்லின் துணிக்காகவே அவர்கள் இங்கே வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே பழைய கிடங்குகளும், சித்திர வேலை செய்த கல்லறைகளும் இருக்கின்றன. மாலையில் மாமல்லபுரத்தில் காற்று வாங்கிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பலாம்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். வெளியே கிளம்பினால் நம்மில் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. "போகிற இடத்தில் வசதி இருக்குமோ, இருக்காதோ" என்ற பயம். கடற்கரை வெயிலில் இது மிகவும் தப்பு. தலைவலி, மயக்கம் வரும். தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தாரையில் கிருமி தொற்றி எரிச்சலும் காய்ச்சலும் வரலாம். கர்ப்பிணிகள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் தேவை.

வழி இருக்கிறது. கோட்டைக்குள் வசதியை எதிர்பார்க்காதீர்கள். வழியில் எந்த ஓட்டலில், எந்தப் பெட்ரோல் பங்கில் நிறுத்துவது என்று புறப்படும் முன்பே டிரைவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை வண்டி நிற்கட்டும். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக, மூத்தவர் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், ஒரு தூக்கு நீர்மோர், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை போதும். குழந்தைகளுக்குத் தொப்பியும் மாற்றுத் துணியும் வையுங்கள்.

இன்னொன்று. பையையும் தூங்கும் குழந்தையையும் காத்துக்கொண்டு ஒரே பெண் வேனிலேயே உட்கார்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முறை வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை எல்லோருக்கும்தான்!