சொல்வதற்கும் ஒரு துணை வேண்டும்

பிப்ரவரி மாதம் பிறந்ததும் நோயாளரை நினைவூட்டும் இரண்டு நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, 2000ஆம் ஆண்டு பாரிஸ் மாநாட்டில் உருவான உலகப் புற்றுநோய் நாள், பிப்ரவரி 4. மற்றொன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள், பிப்ரவரி 11. அந்நாள்களில் நோயாளருக்காகச் செபிக்கிறோம். மருத்துவமனைகளுக்குச் சென்று பழங்கள் வழங்குகிறோம். நல்லதே. ஆனால் புற்றுநோயாளரின் துன்பத்தில் பெரும்பகுதி மருத்துவமனையில் அல்ல, வீட்டில்தான் கழிகிறது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்ததாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கணக்கிட்டுள்ளது. இவர்களுள் பலர் கீமோதெரபி பெறுகிறவர்கள். பெரும்பாலும் 21 நாள்களுக்கு ஒரு முறை இம்மருந்து ஏற்றப்படுகிறது. ஒரு நாள் மருத்துவமனை. மீதி 20 நாள்கள் வீடு. வாந்தி வருவதும், வாய் புண்ணாகிச் சோறு இறங்காமல் போவதும், தலை சீவும்போது முடி கொத்தாகக் கையோடு வருவதும் அந்த 20 நாள்களில்தான். அப்போது மருத்துவரும் அருகில் இல்லை, செவிலியரும் இல்லை.

இத்துன்பங்கள் ஏன் வருகின்றன? கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல்கள் அத்தகையவை. ஆனால் முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உட்சவ்வு, இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள நல்ல செல்களும் வேகமாகப் பெருகுபவையே. எனவே அவையும் அடி வாங்குகின்றன. மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடுவது வழக்கம். அந்நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

இன்று இவற்றுள் பலவற்றுக்கு நல்ல மருந்து உண்டு. 1990களில் ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் வந்த பின்பு வாந்தியின் கொடுமை பெரிதும் தணிந்தது. ஆயினும் பலர் அமைதியாகத் துன்பப்படுகிறார்கள். காரணம், அவர்கள் சொல்வதில்லை. "டாக்டருக்கு நேரமில்லை" என்று சிலர். "சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ" என்ற அச்சத்தில் சிலர். "பிள்ளைகள் கலங்கிப் போவார்கள்" என்று மறைப்பவர் பலர். நம்மிடையே இன்னொரு காரணமும் உண்டு. "இது எனக்குக் கிடைத்த சிலுவை, நான்தான் சுமக்க வேண்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதைப் பக்தி என்று எண்ணிவிடுகிறோம். ஆண்டவரே சீரேன் ஊர் சீமோனின் தோளை மறுக்கவில்லை என்பதை மறந்துபோகிறோம்.

இந்த மௌனத்தின் விலை என்ன என்பதை ஓர் ஆய்வு காட்டியது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், நோய் முற்றிய நிலையில் கீமோ பெற்ற 766 பேரை மருத்துவர் ஈதன் பேஷ் குழுவினர் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவினர் தங்கள் தொந்தரவுகளைக் கணினி வழியாகத் தாங்களே முறையாகப் பதிந்து வந்தனர். தொல்லை கூடினால் செவிலியருக்குத் தகவல் போனது. 2017இல் முடிவு வெளியானது. பதிந்து வந்தவர்களின் வாழ்நாள் இடைநிலை அளவில் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புதிய மருந்து எதையும் இந்த ஆய்வு சோதிக்கவில்லை. தொந்தரவை உடனுக்குடன் சொன்னதும், அதைக் கேட்டுக் கவனித்ததுமே அவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மாதங்களைத் தந்தன.

அப்படியானால் சொல்லத் தயங்குபவரைச் சொல்லவைப்பது யார்? இங்கேதான் அதே பாதையில் முன்பு நடந்தவர் தேவைப்படுகிறார். 1952இல் நியூயார்க்கில் மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தெரீஸ் லாசர் என்ற பெண்மணி, தம்மைப் போன்ற பெண்களை மருத்துவமனைகளில் தேடிச் சென்று பார்க்கத் தொடங்கினார். அந்தப் பணியை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றது. மும்பையில் 1994 முதல் பணியாற்றும் வி கேர் அறக்கட்டளையைத் தொடங்கிய வந்தனா குப்தா, தாமே நோயிலிருந்து மீண்டவர். நாம் நன்கறிந்த நடிகை கௌதமியும் மார்பகப் புற்றுநோயை வென்ற பின் லைஃப் அகெய்ன் என்னும் அறக்கட்டளையை நிறுவினார்.

மீண்டவர் சொல்லும் செய்திகள் சிறியவை. டாக்சோருபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும், அது இரத்தம் அன்று என்பார். முடி கொட்டுவது இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கும், முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் மனம் கொஞ்சம் தாங்கும் என்பார். கீமோ அன்று உனக்குப் பிடித்த பலகாரத்தைத் தொடாதே, பிறகு அதைப் பார்த்தாலே குமட்டும் என்பார். இதில் அறிவியலும் உண்டு. கீமோ பெறவிருந்த குழந்தைகளுக்குப் புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார் ஆய்வாளர் ஐலீன் பெர்ன்ஸ்டைன்; பின்னர் பெரும்பாலான குழந்தைகள் அதை விரும்பவில்லை என்று 1978இல் எழுதினார். விரல் மரத்துப்போவதைப் பெரிதாக நினைக்காதவரிடம், "எனக்கும் இருந்தது, டாக்டரிடம் சொன்னேன், அளவைக் குறைத்தார்" என்று மீண்டவர் சொல்லும்போது அடுத்த முறை அவரும் வாய் திறக்கிறார்.

இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். ஆறுதல் குழுக்களில் சேர்ந்தால் ஆயுள் கூடும் என்று 1989இல் டேவிட் ஸ்பீகல் 86 பெண்களிடம் நடத்திய ஆய்வு சொன்னது. 235 பெண்களிடம் நடத்தி 2001இல் வெளியான பமேலா குட்வின் ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் மனச்சுமையும் வலியும் குறைந்ததை அது கண்டது. தோழமை மட்டும் நோயைக் குணமாக்காது. அது சுமையைக் குறைக்கும், தக்க நேரத்தில் மருத்துவரிடம் அனுப்பிவைக்கும்.

ஆபத்தும் உண்டு. முள்சீத்தாப்பழம் கீமோவைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆற்றல் உடையது என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் இன்றும் சுற்றுகிறது. "எனக்கு இந்தக் கஷாயம்தான் கேட்டது" என்று சொல்லிச் சிகிச்சையை நிறுத்தவைப்பவர் நண்பர் அல்லர். ஒருவருக்கு ஏற்றும் மருந்து வேறு, மற்றவருக்கு ஏற்றுவது வேறு. உலகப் புற்றுநோய் நாளின் 2025-2027 மூன்றாண்டுக் கருப்பொருளும் ஒவ்வொருவர் அனுபவமும் தனித்துவமானது, அந்தத் தனித்துவத்தோடே நாம் ஒன்றிணைந்தவர்கள் என்பதையே வலியுறுத்துகிறது.

நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திக்கிறார்கள். சிகிச்சை முடித்து மீண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பலர் அதை வெளியே சொல்வதில்லை. நோயாளரின் சம்மதத்தோடு, அதே வகை நோயைக் கடந்த ஒருவரை அவரிடம் அறிமுகப்படுத்துவது அவ்வளவு கடினமா? பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்றால் பேச்சு எளிதாகும். போகிறவருக்கு மூன்று விதிகள் போதும்: அதிகம் கேட்க வேண்டும், மருந்து சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே பேசக் கூடாது.

விடைபெறும்போது ஒரு சிறு நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். எந்த நாளில் என்ன தொந்தரவு என்று நோயாளர் அதில் எழுதி, அடுத்த கீமோவுக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டட்டும். முதல் பக்கத்தில் மருத்துவமனையின் அவசரத் தொலைபேசி எண்ணும், 100.4 என்ற எண்ணும் பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும்.